வேலூர்ப் பக்கம் கிறிஸ்துமஸ்: குப்பையும் கடனும் சேராமல் கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 26 காலையில் எங்கள் காட்பாடித் தெருவுக்கு வருகிற குப்பை வண்டி பாதித் தெருவிலேயே நிரம்பிவிடும். ஜிகினாத் தோரணம், நசுங்கிய பிளாஸ்டிக் ஸ்டார், தெர்மாகோல் துகள், கேக் டப்பா, குழம்பு ஒட்டிய பேப்பர் தட்டு என்று எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கும். அதைக் கையால் பிரித்துப் போடுகிற அக்கா, முந்தின நாள் விடியற்காலை ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து பாடியவர். சில வருஷங்களுக்கு முன் அதைப் பார்த்த பிறகு வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டு மூட்டையை நானே பிரித்தேன். அதில் பெரும்பகுதி 23, 24 ஆகிய இரண்டு ராத்திரிகளில் லாங் பஜாரில் அவசரமாக வாங்கிய சாமான்.

கிறிஸ்துமஸுக்கு அவ்வளவு செலவு ஆவதில்லை, கடைசி நேர ஓட்டத்துக்குத்தான் ஆகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நேரம் இருந்தால் மூங்கிலில் ஸ்டார் கட்டலாம். இல்லையென்றால் கடையில் தொங்குவதைத்தான் வாங்க முடியும். முறுக்கு, அதிரசம், துணிமணி, பரிசு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நம்மிடம் அதற்கான நேரம் ஏற்கெனவே இருக்கிறது. பண்டிகைக்கு முந்தின நான்கு ஞாயிறுகளை வருகையின் காலம் என்கிறோம், கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமையில் அது தொடங்கும். அந்த நான்கு வாரத்துக்கு வேலையைப் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், 26ஆம் தேதி மூட்டையும் சின்னதாகும். எங்கள் வீட்டில் நாங்கள் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வாரம்: பரணையும் பணமும்

கடைக்குப் போவதற்கு முன் பரணையில் இருப்பதை எல்லாம் கீழே இறக்குங்கள். போன வருஷத்து சீரியல் லைட், பழைய ஸ்டார், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலின் பொம்மைகள், பிளாஸ்டிக் மரம் இருந்தால் அதுவும். லைட்டைச் செருகிப் பாருங்கள். பாதி எரியவில்லை என்றால் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் ஒயரை ஒட்டிக் கொடுப்பார். உரை கிழிந்து செம்பு தெரிகிற ஒயரை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பிளாஸ்டிக் மரமோ ஸ்டாரோ ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா? சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூங்கில் வாங்கப் போகாதீர்கள். துடைத்து, இந்த வருஷமும் வையுங்கள், உடைகிற வரைக்கும் வையுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்ட பிளாஸ்டிக்கை எவ்வளவு நாள் தாமதித்துக் குப்பைக்கு அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது.

அடுத்தது பணம். ஒரு நோட்டில் சாப்பாடு, துணி, காணிக்கையும் தருமமும், அலங்காரம் என்று நான்கு தலைப்பு எழுதி, கையில் இருப்பதைப் பிரித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் தருமத்துக்கு எழுதியதைவிட அலங்காரத்துக்கு அதிகமாகப் போகக்கூடாது என்று வைத்திருக்கிறோம். இந்த ஒரு கட்டுப்பாடு பல ஆசைகளைத் தானாகவே அடக்கிவிடுகிறது.

வருஷம் முழுக்கச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிச் சீட்டு மாதிரி கிறிஸ்துமஸ் சீட்டும் நம் பக்கம் உண்டு. மாதா மாதம் கட்டினால் டிசம்பரில் மளிகையும் பாத்திரமும் தருவோம் என்பார்கள். பத்து மாதம் கட்டிய பிறகு நடத்தியவர் ஊரைவிட்டே போய், அந்த டிசம்பரில் நகையை அடகு வைத்துத்தான் நாங்கள் பண்டிகை கண்டோம். இப்போது மாதா மாதம் கட்டுகிற 12 மாத ஆர்.டி.யை வங்கியில் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறேன், அடுத்த பண்டிகைக்குள் முதிர்ந்துவிடும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் அங்கே சேமிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். மளிகைப் பொட்டலமும் எவர்சில்வர் குடமும் கிடைக்காதுதான், ஆனால் போட்ட காசு கைக்கு வரும்.

துணியையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். டிசம்பர் பத்துக்கு மேல் தையல்காரர் யாரும் துணியை வாங்க மாட்டார். அப்புறம் ரெடிமேடுதான் கதி. நம் மாவட்டத்தில் நெசவுக்குக் குறைவில்லை. குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி, பக்கத்தில் ஆரணியில் பட்டு. பெரியவர்களுக்கு நல்ல பருத்தி லுங்கியோ கைத்தறிப் புடவையோ ஒன்று எடுத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். குழந்தைகளுக்கு ஜிகினா ஒட்டிய கவுன் வேண்டாம். இரண்டாவது சலவையில் ஜிகினா எல்லாம் உதிர்ந்து சாக்கடையில்தான் போகும். என் பட்டுப் புடவை ஒன்று மடிப்பில் கிழிந்தபோது அதில் மகளுக்குப் பாவாடை தைத்தேன். பள்ளிக் கலைவிழாவுக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போனாள்.

இரண்டாவது வாரம்: ஸ்டார் கட்டுவது

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாசலில் ஸ்டார் தொங்கினால்தான் நமக்கு டிசம்பர். அதை வீட்டிலேயே கட்டுகிற பழக்கம் என் அப்பா காலத்தோடு நின்றுபோகக் கூடாது என்ற ஆசையும் இருக்கிறது.

தேவையானவை: மூன்றடி நீளத்தில் மூங்கில் பிளாச்சு 10, ஒரு சாண் நீளத்தில் குச்சி 5, சணல் அல்லது நூல்கண்டு, காத்தாடிப் பேப்பர் 5 தாள், மைதா, ஒரு பல்பு, ஹோல்டர், ஒயர். கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் பிளாச்சைச் சீவியே கொடுப்பார்கள். விரல் அகலம் போதும். வளைத்தால் முறியாத பச்சை மூங்கிலாக இருக்கட்டும்.

மூன்றடி என்பது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 34 சென்டிமீட்டர் அளந்து பேனாவால் கோடு போடுங்கள். நடுவில் 22 சென்டிமீட்டர் மிஞ்சும். ஐந்து முனை நட்சத்திரத்தில் பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் இந்தக் கோடுகள்தான். அப்பா இதைக் கண்ணால் பார்த்தே கட்டுவார். எனக்கு ஸ்டாரின் ஒரு காது, அதாவது ஒரு முனை, எப்போதும் கோணிக்கொண்டே போனது. இந்த அளவைக் குறித்துக்கொண்ட பிறகுதான் நேராக வந்தது.

ஐந்து பிளாச்சைத் தரையில் பரப்பி, குறித்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி நட்சத்திரமாக வைத்து முனைகளைக் கட்டுங்கள். ஒவ்வொரு பிளாச்சும் ஒன்றுக்கு மேலேயும் அடுத்ததற்குக் கீழேயும் போகும்படி பின்னினால் ஆடாது. இதே மாதிரி இன்னொன்று. இப்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். நடுவில் ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் அந்தச் சாண் குச்சிகளை முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் இடையில் நிற்க வைத்துக் கட்டினால் ஸ்டார் வயிறு உப்பி எழும். குழந்தைகள் கைதட்டுகிற நேரம் அதுதான்.

பசைக்கு, இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சிறுதீயில் கிண்டுங்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். வேப்பிலை கொதிக்கவைத்த தண்ணீரில் கிண்டினால் பூச்சி அரிப்பது குறையும். முன்பக்கம் நடுவில் ஓர் ஐங்கோணம், ஐந்து முக்கோணம். பின்பக்கமும் அப்படியே. பக்கவாட்டில் ஒடுக்கமான முக்கோணங்கள் பத்து. பேப்பரைச் சட்டத்தின்மேல் வைத்து அளந்து, ஓரத்தில் இரண்டு விரல் மடிப்புக்கு விட்டு வெட்டி ஒட்டுங்கள். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், பல்பு மாட்டவும் கழற்றவும் கை போக வேண்டும்.

டிசம்பர் மழையில் காத்தாடிப் பேப்பர் ஊறிக் கிழியும் என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. தாழ்வாரத்திலோ சன்ஷேடுக்குக் கீழேயோ தொங்கவிட்டால் பிரச்சினை இல்லை. திறந்த மாடிதான் என்றால் பேப்பருக்குப் பதில் பழைய வெள்ளை வேட்டியையோ மெல்லிய துப்பட்டாவையோ வெட்டிச் சட்டத்தில் நூலால் தைத்துவிடுங்கள். எங்கள் ஸ்டார் இப்போது என் மாமனாரின் வேட்டியில்தான் நிற்கிறது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

பல்பு 5 வாட் எல்.இ.டி. போதும். மாலை 6 முதல் 11 வரை, 25 நாள் எரிந்தாலும் முக்கால் யூனிட்கூட ஆகாது. அதே நேரத்துக்குப் பழைய 60 வாட் குண்டு பல்பு ஏழரை யூனிட் இழுக்கும். எல்.இ.டி. அவ்வளவாகச் சூடாகாது என்பதால் பேப்பர் கருகுகிற பயமும் இல்லை. இருந்தாலும் பல்பு பேப்பரையோ துணியையோ தொடாதபடி நடுவில் தொங்கட்டும்.

மரம், தோரணம், விளக்கு

நம் ஊர் கிறிஸ்துமஸ் மரம் சவுக்குதான். கம்புக்காக வளர்க்கிற மரம் அது. தோப்பில் வெட்டும்போது நுனியும் கிளையும் கழிவாகத்தான் போகும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வளர்ந்துகொண்டிருக்கிற மரத்தை நம் ஒரு வாரத்துக்காக வெட்டச் சொல்லாதீர்கள், ஏரிக்கரையிலோ மலையடியிலோ போய் ஒடிக்கவும் வேண்டாம். டிசம்பர் 18, 19க்கு முன்னால் வாங்கினால் பண்டிகைக்குள் காய்ந்து பழுத்துவிடும். வாளியில் பாதி மணல் போட்டு நட்டு, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் புது வருஷம் வரை தாங்கும். காய்ந்த சவுக்கு இலை சட்டென்று பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தி, அகல் எதையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று அரோகேரியா தொட்டி விற்கிறார்கள். பார்க்க அழகுதான். வேலூர் மே மாத வெயிலில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு, எங்களுடையது ஒரு கோடைகூடத் தாண்டவில்லை. அதே பணத்துக்கு ஓர் எலுமிச்சையோ கொய்யாவோ தொட்டியில் வாங்கி, அதற்கே லைட் சுற்றிவிட்டு, பிறகு தரையில் நட்டுவிடலாம். இடம் இருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

மரத்தில் தொங்கவிட என்ன வாங்க வேண்டும்? ஒன்றும் வேண்டாம். தேங்காய் ஈர்க்கில் கட்டிய குட்டி ஸ்டார், கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய மணி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், புளியங்கொட்டைச் சரம், தைத்து மிஞ்சிய துணியில் செய்த உருண்டை. பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. நம் ஊரில் மார்கழிப் பனி விடியற்காலையில் தானாகவே இறங்குகிறது.

என் பாட்டி குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். 1853இல் அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் தொடங்கியபின் இந்தப் பக்கத்தில் வளர்ந்த கிராமத்துச் சபைகளில் ஒன்று அவருடையது. அவர் சொன்ன கிறிஸ்துமஸில் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும்தான் அலங்காரம். பசங்கள் 24ஆம் தேதி மத்தியானம் மரம் ஏறி ஓலை இறக்க, பெண்கள் கிளி, பூ, கிலுகிலுப்பை என்று பின்னுவார்களாம். இன்றைக்கும் ஊரில் ஓலை பின்னத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். அவரை உட்கார வைத்து வாலிபர் சங்கத்தைச் சுற்றி அமர்த்துங்கள். ஒரு மாலையில் கோயில் முழுக்கத் தோரணம் தயாராகிவிடும்.

அலங்காரத் தெர்மாகோல் பற்றி நான் தனியாக வாதாட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் அதில் அடக்கம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் வந்த தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் ஒரு வருஷம் கோயில் மேடைக்குத் தெர்மாகோலில் மலை செய்தோம். கழற்றும்போது உதிர்ந்த வெள்ளை உருண்டைகள் பொங்கல் வரைக்கும் வாசல் சாக்கடையில் மிதந்தன. நானும் அறுத்தவர்களில் ஒருத்தி என்பதால் அந்த வெள்ளை இன்னும் கண்ணில் நிற்கிறது.

விளக்குக்கு ஒரு யோசனை. கார்த்திகை தீபத்துக்கு வந்த அகல்கள் தீபம் முடிந்ததும் மலிவாகக் கிடைக்கும். அப்போதே இரண்டு டஜன் வாங்கி வைத்தால் 24ஆம் தேதி இரவு மாடிச்சுவரில் வரிசையாக ஏற்றலாம். மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரி நமக்குப் பக்கத்தில்தான். போனால் பரிசு கொடுக்கச் சின்னச் சின்னச் சாடிகளும் பார்த்துக்கொண்டு வரலாம்.

மூன்றாவது வாரம்: குடிலும் பயிரும்

அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது அங்கே வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன. நமக்கு அது ஒன்றும் எட்டாத காட்சி இல்லை. பால் ஊற்றுகிறவர் வீட்டில் ஒரு கட்டு வைக்கோல் கேட்டால் கொடுப்பார்.

குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும் என்று பிளாஸ்டிக் விரிப்பு வாங்குகிறார்கள். அதற்குப் பதில் கேழ்வரகு விதையுங்கள். டிசம்பர் 14 அன்று கால் கிலோ கேழ்வரகை ஊறப்போட்டு, மறுநாள் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். 16ஆம் தேதி முளை கட்டியிருக்கும். பழைய தட்டு, உடைந்த முறம், தேங்காய் ஓடு, எதிலாவது இரண்டு விரல் உயரத்துக்கு மண்ணும் மட்கிய சாணமும் கலந்து பரப்பி, முளையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்த்துங்கள். இரண்டு நாள் இருட்டில் வைத்து, பிறகு காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். 24ஆம் தேதி விரல் நீளத்துக்குப் பசேலென்று நிற்கும். கம்பு, நெல் எதுவும் வரும். கடுகும் வெந்தயமும் இன்னும் சீக்கிரம் முளைக்கும், நான்கைந்து நாள் தள்ளி விதைத்தால் போதும். முளைப்பாரி போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

தினமும் காலையில் பல் துலக்கியவுடன் பயிர் எவ்வளவு வளர்ந்தது என்று குழந்தைகள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். பிறப்புக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை ஞாயிறு பள்ளியில் நான் சொன்னதைவிட அந்தத் தட்டு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

பொம்மைகளை ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். மூக்கு உடைந்தால் சாயம் தீட்டிக்கொள்ளுங்கள். ஆடு, மாடு, ஒட்டகம் செய்யக் குழந்தைகளிடம் களிமண் உருண்டையைக் கொடுத்துவிடலாம். எங்கள் குடிலில் ஓர் ஒட்டகத்துக்குத் தும்பிக்கை இருக்கிறது. அதைச் செய்தவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான், பொம்மையை மாற்ற விடமாட்டேன் என்கிறான்.

கேரல் ரவுண்டும் பரிசும்

கேரல் பாட வருகிறவர்களுக்கு ஒரு வீட்டில் டீ, இன்னொரு வீட்டில் கேக், அடுத்த வீட்டில் சுண்டல். ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கில் கப்பு விழும். எங்கள் சபையில் பாடுகிறவர்கள் ஆளுக்கொரு டம்ளர் பையில் எடுத்து வர ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் சிலர் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது. பாட்டுத்தாள் அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டோம், போனிலும் பழைய பாட்டுப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்கிறார்கள். ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் வைத்த வேன் தேவையா என்று யோசியுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. ஒரு டோலக்கும் பத்துத் தொண்டையும் இருந்தால் தெரு எழுந்து உட்காரும்.

பரிசுக்கு, கல்லூரி விடுதிகளில் விளையாடுகிற கிறிஸ்மாம் விளையாட்டைக் குடும்பத்துக்குள் கொண்டுவாருங்கள். எல்லோர் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் பரிசு. 12 பேர் இருக்கிற வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் வாங்கினால் 132 பொருள், இப்படி என்றால் 12. அது நல்லதாக இருக்கட்டும். செடி, புத்தகம், கைத்தறித் துண்டு, மாமியார் கைப்பக்குவ ஊறுகாய் எல்லாமே பரிசுதான். சுற்றுவதற்குப் பளபளப்புத் தாள் வேண்டாம், பழைய புடவையில் தைத்த பையில் போட்டுக் கொடுத்தால் பையும் பரிசாகிவிடும். மீண்டும் மஞ்சப்பை என்று 2021 டிசம்பரில் அரசு சொல்ல ஆரம்பித்ததை நம் பாட்டிகள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள்.

நான்காவது வாரம்: அடுப்படி

முறுக்கு, அதிரசம், கல்கல், அச்சு முறுக்கு, சோமாசி எல்லாவற்றையும் ஒரே வீட்டில் செய்யாதீர்கள். மூன்று குடும்பம் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பலகாரம், ஒரே நாள், ஒரே எண்ணெய்ச் சட்டி. எண்ணெயும் கேஸும் மிச்சம், பேச்சுக்கும் பஞ்சம் இருக்காது. மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி அகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்ற வேண்டாம்.

கேக் வெளியில் வாங்கினால் டப்பாவும் பிளாஸ்டிக் கத்தியும் கூடவே வரும். குக்கரிலேயே நன்றாக வரும். உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி எல்லாம் சேர்த்து 200 கிராம், பன்னீர் திராட்சைச் சாற்றில் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் ஊறட்டும். 50 கிராம் சர்க்கரையை இரும்புச் சட்டியில் கருஞ்சிவப்பாகக் காய்ச்சி, தள்ளி நின்று அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கரைத்து ஆறவிடுங்கள். 150 கிராம் வெண்ணெயையும் 100 கிராம் பொடித்த சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மூன்று முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 200 கிராம் மைதாவில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, சுக்குப் பொடி ஒவ்வொரு சிட்டிகை கலந்து சலித்துச் சேர்த்து, சர்க்கரைப் பாகையும் வடித்த பழத்தையும் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். குக்கரில் ஒரு விரல் உயரத்துக்கு உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல் பத்து நிமிடம் சூடாக்கி, கேக் பாத்திரத்தை ஒரு ஸ்டாண்டின் மேல் வைத்து மூடிச் சிறுதீயில் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஈர்க்கு குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். உப்பை எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த கேக்குக்கும் ஆகும்.

பிரியாணி இல்லாமல் நம் பக்கம் பண்டிகை கிடையாது. ஆம்பூர்ப் பக்குவம் என்றால் சீரக சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர். அரிசிக்குச் சமமாகக் கறி. மீதியாவதுதான் பெரிய விரயம், அதனால் ஆளுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று எண்ணிப் போடுங்கள். ஒரு கிலோவில் எட்டு ஒன்பது பேர் வயிறாரச் சாப்பிடலாம். கறி விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அளவைப் பாதியாக்கி, கத்தரிக்காய்த் தொக்கைத் தாராளமாக வையுங்கள். அதற்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை மிஞ்ச ஒன்றும் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், நம் மண்ணில் விளைவது. பாயசத்துக்கு ஜவ்வாது மலைச் சாமையை வெல்லத்தோடு ஒரு தடவை வைத்துப் பாருங்கள். காய்கறியை 22ஆம் தேதிக்குள் நேதாஜி மார்க்கெட்டிலோ உழவர் சந்தையிலோ முடித்துவிடுங்கள். வாழை இலையையும் அப்போதே சொல்லி வைத்தால் 24ஆம் தேதி விலைக்கு அழ வேண்டாம்.

அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் அனுப்ப டப்பா வாங்காதீர்கள். எவர்சில்வர் தூக்கில் கொடுங்கள். பக்கத்து வீட்டு இந்து அக்காவோ எதிர் வீட்டு பாயம்மாவோ அதை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரை, நான்கு பழம், ஒரு முழம் பூ ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டிலிருந்தும் பாத்திரம் அப்படித்தான் போகிறது. பிளாஸ்டிக் டப்பா வந்த பிறகு திரும்பி வருகிற அந்தப் பழக்கம் போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, வேலூரில் இருக்கிறவர்களுக்கு மட்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளம், ஜார்க்கண்ட், மிசோரம், நாகாலாந்திலிருந்து வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போக முடியாதவர்கள் நிறையப் பேர். 25ஆம் தேதி மத்தியானம் இரண்டு பேரைக் கூப்பிட்டு இலை போடுங்கள். அலங்காரத்தில் மிச்சம் பிடித்தது இதற்கு ஆகும். நாங்கள் கூப்பிட்ட ஓர் அம்மா தன் மொழியில் பாடிய கேரலை என் மாமியார் அர்த்தம் தெரியாமலே கண் கலங்கிக் கேட்டார்.

24 இரவும் அதற்குப் பிறகும்

வாசலுக்கு அரிசி மாவில் ஸ்டார் கோலம் போடுங்கள், எறும்புக்கும் பண்டிகையாகட்டும். பட்டாசு பற்றிக் குழந்தைகளோடு முன்பே பேசி வையுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸுக்கு அனுமதித்தது இரவு 11.55 முதல் 12.30 வரைதான், அதுவும் பசுமைப் பட்டாசு. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பெட்டி மத்தாப்பு, அதோடு சரி.

25ஆம் தேதி காலையிலேயே வீட்டில் மூன்று வாளி வைத்துவிடுங்கள்: இலை, எலும்பு, காய்த்தோலுக்கு ஒன்று, தாள், அட்டைக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று. விருந்தாளிக்கு எதில் போடுவது என்று ஒரு குழந்தை சொல்லிக்கொண்டிருந்தால் போதும். எலும்பை எடுத்துவிட்டால் இலை மாட்டுக்கு. மீதமான சோறு அன்று மாலைக்குள் தேவைப்படுகிறவர் கைக்குப் போய்விட வேண்டும், மறுநாள் கொடுப்பது மரியாதை இல்லை. 26 காலை குப்பையைப் பிரித்தபடியே கொடுங்கள். அந்த அக்காவுக்குப் பலகாரத் தூக்கு 24ஆம் தேதியே போயிருக்கட்டும், மற்ற வீடுகளுக்கு அனுப்பும்போது சேர்த்தே.

கேழ்வரகுப் பயிர் ஆட்டுக்கு. வைக்கோல் திரும்பப் பால்காரர் வீட்டுக்கு. சவுக்குக் கிளையை உதிர்த்தால் இலை செடிகளுக்கு மூடாக்கு, கட்டை பொங்கல் அடுப்புக்கு. ஜனவரி 6, ஞானிகள் வந்த நாள் முடிந்ததும் ஸ்டாரை இறக்கிப் பல்பைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றிப் பரணையில் ஏற்றுங்கள். கூடவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள். இந்த வருஷம் நான் எழுதி வைத்தது: "ஹோல்டர் மாற்ற வேண்டும். கீழ்க்காது நூல் தளர்ந்திருக்கிறது. வாழை இலை 5 கூடுதலாகச் சொல்லவும்."